பையனை வெளியே தள்ளுவதற்கு முன் நம்ம கணக்கு நோட்டைத் திறப்போம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வர்ற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் கை தூக்கப் போறவங்க எல்லாரும் முழுசா படிச்சிட்டு வரணும்னு கேட்டுக்கிறோம். பாதி படிச்சிட்டு வாட்ஸ்அப்பில் சண்டைக்கு வர வேண்டாம். முழுசா படிச்சிட்டு வாங்க, தாராளமா சண்டை போடலாம்.

விஷயம் எல்லாருக்கும் தெரியும். நம்ம கோயில் தொண்டூழியர் குழுவில் இருக்கிற ஒரு பையன், பதினேழு வயசு, இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதப் போறவன், நண்பன் பிறந்தநாளுக்கு புட்சால் மைதானத்தில் நின்னு ராப் பாடியிருக்கான். ஒன்றரை நிமிஷக் காணொளி. அதில் ரெண்டு கெட்ட வார்த்தை இருக்கு, பாராங் கத்தி இருக்கு, ஒரு கும்பல் எண்ணும் இருக்கு. அது மூணு நாளில் தெப்ராவ் முழுக்கச் சுத்தி வந்துடுச்சு. உடனே ஒரு தீர்மானம் தயார் ஆயிடுச்சு: "ராப், ஹிப் ஹாப் போன்ற பாடல்களைப் பாடுகின்ற, பரப்புகின்ற இளைஞர்கள் ஆலயத் தொண்டூழியர் குழுவில் நீடிக்க அனுமதியில்லை."

இந்தத் தீர்மானத்தை நாங்கள் எதிர்க்கிறோம். தொண்டூழியர் குழுவில் இருக்கிற மூத்தவங்க சிலர் சேர்ந்து பேசி, இரவு ஷிப்ட் முடிஞ்சு மாமாக் கடையில் உட்கார்ந்து எழுதுறோம். ஏன் எதிர்க்கிறோம் என்று கடைசி வரைக்கும் கேளுங்க.

முதலில் ஒன்றைத் தெளிவா சொல்லிடறோம். அந்தப் பாட்டுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. அது கெட்ட பாட்டு. வீட்டுப் பெண்கள் முன்னால் போட்டுப் பார்த்தோம், பாதியிலேயே நிறுத்திட்டோம். அம்பாள் சந்நிதியில் பானை கழுவுற வாயில் வர வேண்டிய வார்த்தை இல்லை அது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

எங்கள் கேள்வி வேறு. அந்த வார்த்தை அவன் வாய்க்கு எப்படி வந்தது? அதுக்கு யார் யார் பொறுப்பு?

நாங்கள் தொழிற்சாலையில் முப்பது வருஷமா வேலை பார்க்கிறவங்க. பிளாஸ்டிக் பாகம் வார்க்கிற இடம். ஒரு பெட்டி சரக்கு குறைன்னு திரும்பி வந்தா பழைய காலத்தில் என்ன செய்வாங்க? அந்த மெஷின்ல நின்ன ஆளைக் கூப்பிட்டு நாலு திட்டு, ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோட முடிஞ்சது. அடுத்த வாரம் அதே குறையோட இன்னொரு பெட்டி வரும். அப்புறம்தான் உட்கார்ந்து விசாரிக்கப் பழகினோம். ஏன் குறை வந்தது? அச்சு தேய்ஞ்சு போச்சு. ஏன் மாத்தல? செலவு அதிகம்னு தள்ளிப் போட்டாங்க. தரம் பார்க்கிறவர் ஏன் பிடிக்கல? பிடிச்சார், கப்பல் நேரம் ஆச்சுன்னு மேலிடம் விடச் சொல்லிச்சு. விடச் சொன்ன தாளில் யார் கையெழுத்து? எங்களை மாதிரி சூப்பர்வைசர் கையெழுத்து. மெஷின்ல நின்ன ஆள் பங்கும் அதில் உண்டு, அவரும் கண்ணால பார்த்திருக்கணும். ஆனா அவரை மட்டும் வேலையை விட்டுத் தூக்கிட்டு விசாரணை முடிஞ்சதுன்னு சொன்னா, அது பொய் விசாரணை.

இப்போ நாம செய்யப் போறது அந்த மாதிரி பொய் விசாரணை.

சரி, ஒவ்வொரு பங்காளியா பார்ப்போம்.

முதல் பங்காளி பாடுறவன். "நான் பார்த்த வாழ்க்கையைத்தானே பாடுறேன்" என்று சொல்லி அவன் தப்பிக்க முடியாது. தெப்ராவிலும் மாசாயிலும் உலு திராமிலும் பசங்க என்ன பார்க்கிறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகள் என்று பட்டியல் போட்டு வெளியிட்டது. நாற்பதாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள், அதில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றார்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம பத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. அந்தச் செய்தி வந்த அன்னிக்குத் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியல. அதனால பசங்க பார்க்கிற வாழ்க்கை உண்மைதான். ஆனா காயத்தைக் காட்டுறது வேறு, கத்தியை விக்கிறது வேறு.

'ஜகாட்' படம் பார்த்தவங்களுக்கு இது புரியும். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, 2015-ல் வந்தது, அடுத்த வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதே வாங்கியது. அதிலும் கும்பல் இருக்கு, அடிதடி இருக்கு, கெட்ட வார்த்தை இருக்கு. தோட்டத்தை விட்டு வெளியே வந்த ஒரு குடும்பத்துப் பையன் எப்படி அந்தப் பக்கம் சாய்ந்து போறான்னு காட்டும். பார்த்து முடிச்சா கும்பலில் சேரணும்னு யாருக்கும் ஆசை வராது, வயிறு எரியும். நம்ம பையன் பாட்டில் அப்படி எதுவும் இல்லை. கத்தி இருக்கு, வெட்டுப்பட்டவன் இல்லை. அவன் அம்மா இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, லோக்காப் இல்லை. அது முழு உண்மை இல்லை, பாதி உண்மை. அந்தக் குறை அவனுடையது. அதை அவன் முகத்துக்கு நேரா சொல்லிட்டோம். அதுக்கு மேல, தடை செய்யப்பட்ட கும்பலோட எண்ணைப் பாட்டில் வெச்சா நாளைக்கு போலீஸ் வீட்டு வாசலில் நிக்கும்னும் சொன்னோம். தலை குனிஞ்சு கேட்டான்.

இரண்டாவது பங்காளி காசு பண்றவங்க. ஹிப் ஹாப் பிறந்த கதையைத் தொண்டூழியர் குழுப் பையன் ஒருத்தன் தேடி எடுத்துக் காட்டினான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்ஸ் பகுதி. ஒரு பொண்ணு, பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, புதுத் துணி வாங்கணும்னு காசு சேர்க்க அடுக்குமாடி வீட்டுக் கீழே ஒரு ஆட்டம் பாட்டம் வெச்சிருக்கு. அவ அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றியிருக்கார். இவ்வளவுதான் ஆரம்பம். ஏழைப் பசங்க, வாத்தியம் வாங்க வசதி இல்லாதவங்க, ரெண்டு இசைத்தட்டை வெச்சு செஞ்ச வேலை. கத்தியும் கெட்ட வார்த்தையும் அங்கே சட்டமா எழுதி வைக்கப்படவில்லை. எது அதிகம் விக்குதுன்னு கம்பெனிக்காரன் பார்த்தபோதுதான் அது பெருசாச்சு.

அங்கே டெலோரஸ் டக்கர் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். மார்ட்டின் லூதர் கிங் காலத்துப் போராட்டங்களில் நடந்தவர். ராப் பாட்டில் பெண்களைக் கேவலமா பேசுறதைப் பொறுக்க முடியாம என்ன செஞ்சார் தெரியுமா? டைம் வார்னர் கம்பெனியில் பங்கு வாங்கினார். 1995-ல் பங்குதாரர் கூட்டத்துக்கே போய், நீங்க விக்கிற இந்தப் பாட்டுக்கு என்ன பதில்னு மேலதிகாரிகளைக் கேள்வி கேட்டார். அந்த வருஷமே டைம் வார்னர், பிரச்சினையான இன்டர்ஸ்கோப் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை விற்றுக் கைகழுவியது. ஆனா பாட்டு நின்னுடுச்சா? இல்லை. இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிக்கிச்சு. இதில் ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று, அந்த அம்மா கேள்வி கேட்ட இடம் சரியான இடம். தெருவில் பாடுற பையனோட நிக்காம, காசு எண்ணுறவன் மேசைக்கும் போனார். இரண்டு, ஒரு கதவை மூடினா இன்னொரு கதவு திறக்கும், வாங்குற கூட்டம் வெளியே நிக்கிற வரைக்கும்.

இப்போ கம்பெனிகூட வேண்டாம், யூடியூபும் டிக்டாக்கும் போதும். எத்தனை பேர் கடைசி வரைக்கும் பார்த்தாங்கங்கிற கணக்குதான் அங்கே பேசும். நம்ம பையனோட காணொளி முதல் நாள் நாற்பது பேர் பார்த்தது. "ஐயோ பாருங்க, கோயில் பையன் இப்படிப் பண்ணிட்டான்" என்று நாம பகிர்ந்த பிறகு எத்தனை ஆயிரம்னு அவனே எங்களுக்குக் காட்டினான். அவனுக்கு விளம்பரம் செஞ்சது நாமதான்.

இது புதுசும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்துக்கிட்டு இருந்தப்போ 'பீப் சாங்' என்று ஒன்று வெளியே வந்தது ஞாபகம் இருக்கா? சிம்பு பாடினது. பெண்கள் அமைப்புகள் போராட்டம் பண்ணினாங்க, போலீசில் வழக்குப் பதிவாச்சு. சிம்பு தரப்பில், அது வெளியிடறதுக்குச் செய்யாத பாட்டு, யாரோ திருடிப் போட்டுட்டாங்கன்னாங்க. அனிருத், எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னார். சரி, பாடினவரும் பொறுப்பில்லை, இசையமைச்சவர்னு பேர் அடிபட்டவரும் பொறுப்பில்லை. அப்போ ஜொகூர் வரைக்கும் அந்தப் பாட்டைக் கொண்டு வந்தது யார்? நாமதான். எங்கள் ஃபேக்டரி ஆண்கள் குழுவில் அதைத் திட்டிக்கிட்டே அனுப்பினோம், சிரிச்சிக்கிட்டே கேட்டோம். ஒளிக்க ஒன்றுமில்லை, இதை எழுதுறவங்களும் அதில் உண்டு.

மூன்றாவது பங்காளி சினிமா, அதுக்குக் கை தட்டுற நாம. 2023-ல் 'லியோ' படத்து 'நா ரெடி' பாட்டு வந்தது. வாயில் சிகரெட், பாட்டு முழுக்கச் சரக்கு. தமிழ்நாட்டில் புகார் போச்சு, அப்புறம் எச்சரிக்கை வாசகம் சேர்த்தாங்க, படத்தில் சில வரிகளை வெட்டச் சொன்னாங்க. இங்கே என்ன நடந்தது? மண்டபத்துக்கு மண்டபம் கல்யாணத்தில் அந்தப் பாட்டு. ஏழு வயசுக் குழந்தையை மேடையில் ஏத்தி ஆட விட்டு, "சோ கியூட்" என்று படம் எடுத்தோம். அந்த வருஷம் யாராவது தீர்மானம் போட்டோமா? கோடி வாங்குற நடிகர் பாடினா மாலை, புட்சால் மைதானத்துப் பையன் பாடினா வாசப்படியில் நிக்காதேன்னு சொல்றோம். இது என்ன நியாயம் சாமி?

இன்னொன்றும் சொல்லணும், சில அண்ணன்மார்களுக்குக் கோபம் வரும். ஹிப் ஹாப் தமிழா ஆதியை நமக்கெல்லாம் பிடிக்கும். ஜல்லிக்கட்டுக்குப் பாட்டு போட்டார், தமிழ் தமிழ்னு பாடுறார், நல்ல பிள்ளைன்னு சொல்வோம். அவரை முதலில் பிரபலமாக்கியது 'கிளப்புல மப்புல'. குடிக்கிற பெண்களை, உடுப்பு உடுத்துற பெண்களைக் குறை சொல்ற பாட்டு. பல பெண்கள் அப்பவே அதைக் கண்டிச்சாங்க. நாம ஆண்கள் அதைக் கெட்ட பாட்டுன்னு சொன்னோமா? கலாசாரப் பாட்டுன்னு சொன்னோம். அதில் திட்டு வாங்கினது நாம இல்லையே, பொண்ணுங்கதானே. நமக்கு வலிச்சா மட்டும் கெட்ட பாட்டு, அடுத்தவங்களுக்கு வலிச்சா நல்ல பாட்டுன்னு ஒரு தராசு இருக்க முடியாது.

நான்காவது பங்காளி, ரொம்ப முக்கியமான ஆள், நம்ம கோயில்.

பையனை நாங்கள் தனியா கூப்பிட்டு உட்கார வெச்சோம். மடப்பள்ளிப் பின்பக்கம், அண்டா கவிழ்த்து வெச்ச இடம். "ஏன்டா தம்பி, இந்த எண்ணு, இந்த பாராங் எல்லாம் எங்கே கத்துக்கிட்ட? டிக்டாக்கா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான்: "அங்கிள், அந்த மாதிரி பாட்டை நான் மொதல்ல கேட்டது நம்ம தேர் முன்னாலதான்."

எங்களுக்கு வாய் அடைச்சுப் போச்சு. பொய் சொல்றான்னு சொல்ல முடியல, ஏன்னா எங்களுக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருக்கு. மூணு வருஷத்துக்கு முந்தைய திருவிழா. உறுமி மேளம் மூணு குழு கூப்பிட்டோம். அதில் ஒரு குழு, முன்னால் சாமி படம், முதுகில் பெரிய எழுத்தில் எண் போட்ட சட்டையோட வந்தது. சிம்பாங்கில் தேரை இருபது நிமிஷம் நிறுத்தி வெச்சு, சாமிப் பாட்டு மெட்டில் ஆரம்பிச்சு, சினிமாக் குத்துக்குப் போய், கடைசியில் "எங்க ஏரியா, எங்க ஆளு" என்று அவங்களே கட்டின வரிகளைக் கத்தினாங்க. சுத்தி நின்ன கூட்டம் விசில் அடிச்சது. அம்பாள் தேரில் காத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பையனுக்கு அப்போ பதினாலு வயசு. ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் பின்னால வந்தான். பெரியவங்க யாரைப் பார்த்துக் கை தட்டுறாங்கன்னு அவன் பார்த்துக்கிட்டே வந்திருக்கான்.

அந்தக் குழுவுக்கு எவ்வளவு கொடுத்தோம்னு கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். 1,500 வெள்ளி. உபயக்காரர் ஒருத்தர் கொடுத்த பணம், கோயில் ரசீது போட்டது. உறுமி குழுவைக் கூட்டி வந்து தெருவில் நிக்க வெச்ச பொறுப்பு எங்கள் தொண்டூழியர் குழுவோடது. அதே வருஷம் தேவார வகுப்பு ஆசிரியைக்குப் பயணச் செலவு கேட்டப்போ, மாசம் 100 வெள்ளி கொடுக்க மூணு கூட்டம் பேசினோம். ரெண்டும் ஒரே நோட்டில் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை மேசைமேல் வைக்கணும்னு கேட்போம்.

உறுமி அடிக்கிறவங்க எல்லாரும் அப்படின்னு நாங்கள் சொல்லவே இல்லை. மற்ற ரெண்டு குழுவும் அன்னிக்குப் பக்தியோட வாசிச்சாங்க. தோலை நெருப்பில் காய வெச்சு, விரதம் இருந்து வர்ற பிள்ளைங்க எத்தனையோ பேர். பால்குடம் தூக்குறவங்களுக்கு அருள் வர்றதே அந்தச் சத்தத்தில்தான். தைப்பூசத்துக்கு முன்னால் மலேசிய இந்து சங்கம் உடை, வாத்தியம், பாட்டு பற்றி வழிகாட்டி நெறிகள் சொல்லுது. நம்ம அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுறோம். ஒட்டிட்டு, அதுக்குக் கீழேயே நின்னு வேறு குழுவுக்கு முன்பணம் கொடுக்கிறோம்.

இனி மறுபக்கத்து வாதங்களுக்கு வருவோம். குழுவில் எழுதினவங்க எல்லாருக்கும் பதில் சொல்லணும் இல்லையா.

"அட, பாட்டுதானே, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கிற தம்பிகளுக்கு: பாட்டுக்குச் சக்தி இல்லைன்னா நாம ஏன் சின்னப் பிள்ளைங்களுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறோம்? வெள்ளிக்கிழமை ஏன் பஜனை? நல்ல பாட்டு மனசைத் திருத்தும், கெட்ட பாட்டு மட்டும் ஒண்ணும் செய்யாதுன்னு ஒரே வாயால் சொல்ல முடியாது.

"பாட்டுதான் பிள்ளைங்களைக் கெடுக்குது, பாட்டை நிறுத்தினா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ற பெரியவங்களுக்கு: நம்ம நாட்டில் தமிழ் ராப் எப்போ வந்தது? பொயட்டிக் அம்மோ குழு 1998-ல் ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டோனீஸ் எல்லாம் கலந்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் இருந்த யோகி பி, நட்சத்திராவோட சேர்ந்து 2006-ல் 'வல்லவன்' போட்டார். 'மடை திறந்து' பாட்டை வெச்சு அவங்க செஞ்சது தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வெச்சது. கும்பல் அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது தெரியாதா? மவுண்ட் ஆஸ்டின் தோட்டம் இருந்த பக்கம் இன்னிக்கு என்ன இருக்கு? கடைவீதியும் அடுக்குமாடியும். பால் மரம் போச்சு, எண்ணெய்ப்பனை போச்சு, லயம் போச்சு. தோட்டத்துக் கோயில் போச்சு, பந்து விளையாடின திடல் போச்சு. ஆளுக்கொரு பக்கம் மலிவு வீட்டுக்கும் சட்டவிரோதக் குடிசைக்கும் சிதறினோம். அந்தச் சமயத்தில் பசங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் சில இடங்களில் கும்பல்காரன் மட்டும்தான். பாட்டு அதுக்கு அப்புறம் வந்தது. நெருப்பைப் பாட்டு வைக்கல, எண்ணெய் ஊத்தியிருக்கலாம். ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க.

"அரசாங்கம் தடை பண்ணட்டும்" என்பவங்களுக்கு: 2017 ஜூலையில் ஆர்.டி.எம். 'டெஸ்பாசித்தோ' பாட்டை நிறுத்தினது ஞாபகம் இருக்கும். வரிகள் ஆபாசம்னு புகார் வந்ததால் தன் வானொலி, தொலைக்காட்சியில் போடல. மற்ற இடமெல்லாம் ஓடிக்கிட்டுதான் இருந்தது, நம்ம பிள்ளைங்க வாயிலும் ஓடிச்சு. அமெரிக்காவில் 1985-லிருந்து பாட்டுத் தொகுப்புமேல் பெற்றோருக்கு எச்சரிக்கைன்னு வில்லை ஒட்டப் பார்த்தாங்க. பசங்க அந்த வில்லை இருக்கிறதையே தேடி வாங்கினாங்கன்னு சொல்வாங்க. தடை வேண்டாம்னு சொல்லல. தடை போட்டதோட நம்ம வேலை முடிஞ்சதுன்னு தூங்கப் போகாதீங்கன்னுதான் சொல்றோம்.

"எல்லாம் பெத்தவங்க பொறுப்பு" என்பவங்களுக்கு: ஆமா, பொறுப்புதான். ஆனா அந்தப் பையன் அப்பா காலையில் நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பாலம் தாண்டி சிங்கப்பூர் போறார், வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. அம்மா இரவு ஷிப்ட். இந்த ஊரில் பாதி வீடு இப்படித்தான். அந்த அம்மா மாதிரி பெண்களுக்கு ஞாயிறு ஓ.டி. பட்டியல் போட்டுக் கையெழுத்து வைக்கிறது எங்களை மாதிரி ஆளுங்கதான். பிள்ளையைக் கவனிக்கலன்னு அவங்களைத் திட்ட எங்களுக்கு நாக்கு வரல. அந்தப் பையன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கேயும் சுத்தாம நம்ம மடப்பள்ளிக்கு வந்தான். நாலு வருஷமா வர்றான். அவன் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அவனுக்கு இருந்த வீடு இதுதான். இப்போ இந்தக் கதவையும் சாத்தினா வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவன் எங்கே போவான்? அவனை வரவேற்கக் காத்திருக்கிறது யாருன்னு உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவங்க தீர்மானம் எல்லாம் போட மாட்டாங்க. சாப்பாடு வாங்கித் தருவாங்க.

பக்தர்களே, ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. நாம கிருத்திகைக்குக் கிருத்திகை திருப்புகழ் பாடுறோம். அருணகிரிநாதர் இளமையில் எப்படி இருந்தார்னு கதை சொல்லுது? கெட்ட வழியில் போய், உடம்பும் கெட்டு, திருவண்ணாமலைக் கோபுரத்து மேலிருந்து விழுந்தார்னு சொல்லுது. முருகன் என்ன செஞ்சார்? இவன் ஆலயத்துக்குள் நீடிக்க அனுமதியில்லைன்னு தீர்மானமா போட்டார்? கையில் தாங்கினார். தாங்கிட்டு, போடான்னு அனுப்பல, பாடுன்னு சொன்னார். அதுக்கப்புறம் வந்த சந்தம் எப்படிப்பட்டது! மூச்சு விட நேரம் கொடுக்காம நாக்கைச் சுழட்டுற வேகம். நம்ம பையன் ஒரு நாள் வகுப்பில் திருப்புகழ் கேட்டுட்டு, "அங்கிள், இது செம ஃப்ளோ" என்றான். அன்னிக்குச் சிரிச்சோம். இப்போ நினைச்சா, அவன் சரியாத்தான் கேட்டிருக்கான். வேகம் அவன்கிட்ட இருக்கு. வார்த்தை கொடுக்க நாம தவறிட்டோம்.

ராப்னா கத்திதான் வரும்னு நினைக்க வேண்டாம். 2021-ல் தெருக்குரல் அறிவு 'எஞ்சாயி எஞ்சாமி' பாடினார். அதுக்குப் பின்னால் நிக்கிறது அவர் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சுட்டுத் திரும்பி வந்தவங்க. மண்ணில் உழைச்சவங்களுக்கு மண் இல்லாமப் போன கதை. அதைக் கேட்டப்போ எங்களில் ஒருத்தர், தோட்டத்தில் பால் வெட்டின தன் ஆத்தாவை நினைச்சு அழுதார். அதுவும் ராப்தான். நம்ம பையனுக்கும் ஒரு பாட்டி இருக்காங்க, இதே தெப்ராவில் மரம் சீவினவங்க. அவங்க கதையை இதுவரைக்கும் அவனை யாரும் கேட்கச் சொல்லல.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் கோரிக்கைகள் இவைதான்.

ஒன்று. அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறணும். பையன் அந்தக் காணொளியை நீக்கிட்டான். அம்பாள் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சம்மதிச்சிருக்கான். கூட்டத்தில் நிக்க வெச்சு அவமானப்படுத்துறதுக்கு நாங்கள் சம்மதிக்க மாட்டோம். ஒரு மாசம் மைக் பக்கம் வரக் கூடாது, பானை கழுவலாம். அதுவும் அவனே ஒத்துக்கிட்டது.

இரண்டு. இனி எந்த உறுமி குழுவோ டிஜேவோ வந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேணும். பாட்டுப் பட்டியல் ஒரு வாரம் முன்னால் கொடுக்கணும். எண், கும்பல் சின்னம் போட்ட சட்டை கூடாது. சிம்பாங்கில் தேரை நிறுத்தக் கூடாது. பாதிப் பணம் முன்னால், மீதி தேர் நிலைக்கு வந்த பிறகு. மீறினா மீதி கிடையாது. உபயக்காரர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் இதே சட்டம்தான். கோயில் ஆண்டு விருந்துக்கும் இது பொருந்தும்.

மூன்று. நவராத்திரியில் ஒரு மாலை பசங்களுக்குக் கொடுங்க. ராப் ஆகட்டும், வில்லுப்பாட்டு ஆகட்டும், அவங்களே எழுதிப் பாடட்டும். வரிகளை முன்னாலேயே எழுதிக் கொடுக்கணும், தேவார ஆசிரியையும் குழுவில் ரெண்டு பெண்களும் படிச்சுப் பார்ப்பாங்க. பெண்கள் படிச்சா போதும், வடிகட்டி வேற வேண்டாம்.

நான்கு. அந்தக் காணொளியைப் பகிர்ந்தவங்க, நாங்களும் சேர்த்து, போனிலிருந்து அழிக்கணும். பதினேழு வயசுப் பிள்ளை முகம் அதில் இருக்கு. நாளைக்கு வேலைக்குப் போறப்போ அது அவன் பின்னாலேயே வரும்.

ஐந்து. மூணு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழுவைக் கூட்டி வந்த தப்புக்கு நாங்கள் கூட்டத்தில் எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்போம். பையனை மட்டும் கேட்கச் சொல்லிட்டு நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. கை தட்டினவங்க, ரசீது போட்டவங்க, பணம் கொடுத்தவங்க யார் யார் எங்களோட எழுந்து நிக்கிறீங்கன்னு பார்ப்போம். வற்புறுத்தல் இல்லை.

கூட்டம் காலை பூசை முடிந்து பத்து மணிக்கு. சாப்பாடு உண்டு. சமையலுக்கு ஏழு மணியிலிருந்து ஆள் தேவை, வெங்காயம் உரிக்கக்கூட வரலாம். அந்தப் பையனும் அங்கேதான் இருப்பான். அவனைப் பற்றிக் கை தூக்கப் போறவங்க, அதுக்கு முன்னால் வந்து அவன் பக்கத்தில் ஒரு அண்டாவைக் கழுவிட்டுப் போங்க.

அம்பாள் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தொண்டூழியர் குழு மூத்தவர்கள் சிலர்,
தெப்ராவ், ஜொகூர்.